காட்டு உயிர்பிழைப்புப் பயிற்சி

காட்டு உயிர்பிழைப்புப் பயிற்சி என்பது காடு, மலை, பாலைநிலம், பனிநிலம், கடலோரம் போன்ற மக்கள் வாழாத இடங்களில் தனித்துவிடப்பட்ட ஒருவர், உதவி கிடைக்கும் வரை உயிரைக் காத்துக்கொள்ளத் தேவையான அறிவையும் திறனையும் களத்திலேயே கற்பிக்கும் பயிற்சி ஆகும். ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா, கனடா, சுவீடன், நியூசிலாந்து முதலிய நாடுகளில் பல பள்ளிகளும் தனியார் பயிற்றுநர்களும் இதனைக் கட்டணம் பெற்று நடத்துகின்றனர். இப்பயிற்சிகள் ஒரு நாள் முதல் மூன்று மாதங்கள் வரை நீள்வதுண்டு. பெரும்பாலான நாடுகளில் இதற்கென ஒரே தேசியத் தரச்சான்று இல்லை. அதனால் வெளிநாடு சென்று பயில விரும்புவோர் பள்ளியின் தரத்தைத் தாமே ஆராய்ந்து அறிய வேண்டியுள்ளது.

பெயரும் எல்லையும்

இங்குக் காடு என்னும் சொல் மரங்கள் அடர்ந்த நிலத்தை மட்டும் குறிப்பதில்லை. சாலை, குடியிருப்பு, தொலைபேசித் தொடர்பு ஆகியவற்றிலிருந்து விலகிய எந்த நிலமும் இதில் அடங்கும். ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் நான்கு வகைப் பயிற்சிகள் இப்பெயரில் வழங்குகின்றன.

* உயிர்பிழைப்புப் பயிற்சி: எதிர்பாராத நெருக்கடியிலிருந்து மீள்வதைக் கற்பிப்பது. மீட்புக்குழு வந்து சேரும் வரை தாக்குப்பிடிப்பதே இதன் நோக்கம்.
* காட்டுக்கலை (புஷ்கிராஃப்ட்): கத்தி, கோடரி, நெருப்பு, மரம், நார் ஆகியவற்றைக் கொண்டு காட்டில் வசதியாக வாழக் கற்பிப்பது. இதில் அவசரம் இல்லை, கைத்திறனே முதன்மை.
* பயணத் தலைமைப் பயிற்சி: முறையான கருவிகளுடனும் உணவுடனும் குழுவாக நெடும்பயணம் சென்று, வழியறிதலையும் முடிவெடுத்தலையும் பழகுவது.
* படைத்துறைப் பயிற்சி: எதிரி நிலத்தில் சிக்கிய வீரருக்கு உரியது. ஐக்கிய அமெரிக்க வான்படையின் இத்தகைய பள்ளி வாசிங்டன் மாநிலத்தின் பேர்ச்சைல்டு தளத்தில் உள்ளது. பொதுமக்கள் இவற்றில் சேர இயலாது.

வரலாறு

ஐரோப்பாவில் இத்தகைய பயிற்சி குடிமக்களுக்குரிய கல்வியாக உருப்பெற்றது இரண்டாம் உலகப்போரின்போது ஆகும். செருமனியிலிருந்து 1933 இல் வெளியேறிய கல்வியாளர் குர்ட் ஆன், 1934 இல் இசுக்காட்லாந்தில் கோர்டன்சுடன் பள்ளியை நிறுவினார். அட்லாண்டிக் கடற்போரில் பிரித்தானிய வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கியபோது, உயிர்காப்புப் படகுகளில் இளம் மாலுமிகள் மூத்தவர்களைவிட விரைவில் மனந்தளர்ந்து இறப்பதாகக் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்சு ஓல்ட் கருதினார். உடல் வலிமை மட்டும் போதாது, நெருக்கடியைப் பழகியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இவ்விருவரும் இணைந்து 1941 இல் வேல்சு நாட்டின் அபர்டோவியில் அவுட்வர்டு பவுண்டு பள்ளியைத் தொடங்கினர். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் கடலோடிச் சொல்லே அப்பள்ளியின் பெயராயிற்று.

போருக்குப் பின் அவுட்வர்டு பவுண்டு பல நாடுகளில் பரவியது. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லூமுட்டில் 1950-களிலும், சிங்கப்பூரின் உபின் தீவில் 1967 இலும் இதன் பள்ளிகள் அமைந்தன. ஐக்கிய அமெரிக்காவின் முதற்பள்ளி 1960-களின் தொடக்கத்தில் கொலராடோவில் தோன்றியது. அப்பள்ளியில் பணியாற்றிய மலையேறுநர் பவுல் பெட்சோல்ட் 1938 ஆம் ஆண்டு கே2 மலைப் பயணத்தில் பங்குகொண்டவர். பயிற்றுநர்களுக்கே முதலில் பயிற்சி வேண்டும் என உணர்ந்த அவர், 1965 இல் வயோமிங் மாநிலத்தின் லேண்டரில் நோல்சு எனப்படும் தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளியை நிறுவினார்.

மற்றொரு மரபு அமெரிக்கப் பாலைநிலத்தில் உருவானது. லாரி டீன் ஒல்சென் பூர்வகுடி மக்களின் வாழ்திறன்களைக் கற்று, 1967 இல் அவை குறித்து நூல் வெளியிட்டார். யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய நீண்ட களப்பயிற்சி பின்னர் வந்த பல பள்ளிகளுக்கு முன்மாதிரி ஆனது. குறைந்த கருவிகளுடன், பசியையும் தாகத்தையும் பழகியபடி நெடுந்தூரம் நடப்பது இம்மரபின் இயல்பாகும்.

காட்டுக்கலை மரபில் கனடாவின் மோர்சு கொச்சான்சுகி (1940–2019), ஐக்கிய இராச்சியத்தின் ரே மீர்சு ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மீர்சு 1983 இல் தம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

தொலைக்காட்சியின் தாக்கம்

பேர் கிரில்சு தோன்றிய மேன் வெர்சசு வைல்டு தொடர் 2006 முதல் 2011 வரை வெளிவந்தது. இத்துறையை உலகெங்கும் அறியச் செய்த நிகழ்ச்சி இதுவே எனலாம். படப்பிடிப்பின் சில இரவுகளில் அவர் விடுதியில் தங்கியது 2007 இல் தெரியவந்ததையடுத்து, காட்சிகளில் சில முன்னேற்பாட்டுடன் அமைக்கப்பட்டவை என்னும் விளக்கம் தொடரில் சேர்க்கப்பட்டது. அவருடன் நடிகர் ரசினிகாந்து பந்திப்பூர்க் காட்டில் தோன்றிய நிகழ்ச்சி 2020 மார்ச்சில் ஒளிபரப்பானது.

தொலைக்காட்சியில் காட்டப்படும் பள்ளத்தாக்கில் குதித்தல், ஆற்று வெள்ளத்தில் நீந்துதல், பச்சை இறைச்சியை உண்ணுதல் போன்றவற்றை நல்ல பள்ளிகள் கற்பிப்பதில்லை. அவை உயிர்பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் செயல்களாகவே கருதப்படுகின்றன.

கற்பிக்கப்படுபவை

பெரும்பாலான பயிற்சிகள் மூன்றின் விதி எனப்படும் வாய்பாட்டிலிருந்து தொடங்குகின்றன. காற்றின்றி 3 நிமிடம், கடுங்குளிரிலோ கடும்வெயிலிலோ தங்குமிடமின்றி 3 மணிநேரம், நீரின்றி 3 நாள், உணவின்றி 3 வாரம் என்பது அது. இவை துல்லியமான அளவுகள் அல்ல; எதனை முதலில் தேட வேண்டும் என்பதை நினைவில் நிறுத்தும் வரிசை மட்டுமே. புதியவர்கள் உணவையே முதலில் எண்ணுவர். ஆனால் பயிற்சியில் அது இறுதியிலேயே வருகின்றது.

* தங்குமிடமும் உடல்வெப்பமும்: உடலின் உள்வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் தாழ்வெப்பநிலை ஏற்படும். நனைந்த ஆடையும் காற்றும் சேர்ந்தால், உறைநிலைக்கு மேலான வெப்பநிலையிலும் இது நேரும். தரையிலிருந்து உடலைப் பிரிக்கும் சருகுப்படுக்கை, கூரையைவிட முதன்மையானது எனக் கற்பிக்கப்படுகின்றது.
* நீர்: நீரைக் கண்டறிதல், கொதிக்க வைத்தல், வடிகட்டுதல், வியர்வை இழப்பைக் குறைத்தல்.
* நெருப்பு: தீக்கல், வில்கடைகோல் முதலியவற்றால் தீ உண்டாக்குதல், தீயை முற்றாக அணைத்தல்.
* வழியறிதலும் குறியீடும்: நிலப்படம், திசைகாட்டி ஆகியவற்றைப் பயன்படுத்தல், கண்ணாடி, சீழ்க்கை, புகை, 406 மெகாஏர்ட்சு அலைவரிசையில் இயங்கும் இடங்காட்டிக் கருவி ஆகியவற்றால் உதவி கோருதல்.
* முதலுதவி: மருத்துவமனை பல மணிநேரத் தொலைவில் இருக்கும்போது காயமுற்றவரைப் பேணுதல்.
* மனநிலை: வழி தவறியதை உணர்ந்தவுடன் நின்று, அமர்ந்து, எண்ணி, பின்னர்த் திட்டமிடுதல்.

விபத்துகளும் சட்டங்களும்

இத்துறையின் பாதுகாப்பு விதிகள் பல, உயிரிழப்புகளுக்குப் பின்னரே இயற்றப்பட்டன. எனவே பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர் இவ்விபத்துகளை அறிந்திருப்பது பயன்தரும்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் படகுகளில் சென்ற பள்ளி மாணவர் நால்வர் உயிரிழந்தனர். அவர்களிடம் அவசர ஒளிக்குறி வெடிகள் இல்லை. குறித்த நேரத்தில் குழு திரும்பாதபோதும் கடலோரக் காவல்படைக்குத் தாமதமாகவே தகவல் சென்றது. அந்நிறுவனத்தின் பாதுகாப்புக் குறைகள் குறித்து, அங்கிருந்து விலகிய பயிற்றுநர் இருவர் முன்னரே எழுத்தில் எச்சரித்திருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. நிறுவனமும் அதன் மேலாண்மை இயக்குநரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இதன் விளைவாக 1995 இல் சட்டம் இயற்றப்பட்டது. குகைப்பயணம், பாறையேற்றம், மலைநடை, நீர் விளையாட்டு ஆகியவற்றை 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் பெற்று நடத்த உரிமம் கட்டாயமானது. எனினும் வயதுவந்தோருக்கான காட்டுக்கலை வகுப்புகள் இவ்வுரிமத்தின் கீழ் வருவதில்லை.

2006 சூலையில் யூட்டா பாலைநிலத்தில் நடந்த 28 நாள் பயிற்சியொன்றின் இரண்டாம் நாளில் 29 வயது மாணவர் ஒருவர் நீரிழப்பால் இறந்தார். அன்று முழுவதும் கடும்வெயிலில் நடந்த அவர், பலமுறை தள்ளாடி விழுந்து, நீர் வேண்டும் எனக் கேட்டார். வழிகாட்டிகளிடம் அவசரத்துக்கான நீர் இருந்தது. அது அவருக்கு அளிக்கப்படவில்லை. குழு தேடிச்சென்ற நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் அவர் உயிர் பிரிந்தது. தாகத்தைத் தாங்குவது பாடத்தின் ஒரு பகுதி என்பதாலேயே, பாடம் எங்கு முடிந்து ஆபத்து எங்குத் தொடங்குகின்றது என்பதை அங்கிருந்தோர் உரிய நேரத்தில் உணரவில்லை. கடுமையை விரும்பிப் பயிற்சியில் சேர்வோர் எண்ணிப்பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தின் மங்கடேபோபோ ஆற்றுப்பள்ளத்தில் கனமழையால் திடீர் வெள்ளம் பெருகியது. ஒரு பயிற்றுநரின் தலைமையில் அங்குச் சென்ற குழுவில் 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தனர். அதன் பின்னர் 2011 இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, சாகசச் செயற்பாடுகளை நடத்துவோர் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட்டுப் பதிவு பெற வேண்டும். அப்பதிவேட்டைப் பொதுமக்கள் இணையத்தில் பார்வையிடலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் உயிர்பிழைப்புப் பள்ளிகளுக்கெனத் தனித் தேசிய உரிமம் இல்லை. கூட்டரசுக்குச் சொந்தமான காடுகளிலும் நிலங்களிலும் வணிக முறையில் பயிற்சி நடத்த, அந்நிலத்தை ஆளும் துறையின் அனுமதி தேவை. அனுபவவழிக் கல்விச் சங்கம் வழங்கும் தரச்சான்று பள்ளிகள் தாமாக விரும்பிப் பெறுவதாகும்.

சிறார்க்கான காட்டுவழிச் சீர்திருத்த நிகழ்ச்சிகள் இவற்றிலிருந்து வேறானவை. நடத்தைச் சிக்கல் உடையவர்கள் எனக் கருதப்படும் பதின்வயதினரைப் பெற்றோர் இவற்றில் சேர்க்கின்றனர். 1990 இல் இத்தகைய நிகழ்ச்சிகளில் சிறுமியர் இருவரும், 2024 பிப்ரவரியில் வட கரொலைனாவில் 12 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். பிள்ளைகளுக்குப் பயிற்சி தேடும் பெற்றோர், தாம் காணும் விளம்பரம் இவ்வகையைச் சேர்ந்ததா எனத் தெளிவாக அறிதல் வேண்டும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுத்தல்

நோக்கமும் நிலமும்

ஒருவர் பின்னாளில் செல்லவிருக்கும் நிலத்துக்கு ஏற்ற பயிற்சியே பயன்தரும். சுவீடனின் ஊசியிலைக் காட்டில் கற்ற பனித்தங்குமிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் உதவாது. இமயமலைப் பயணம் மேற்கொள்வோருக்குப் பனிநிலப் பயிற்சியும், வெப்பமண்டலக் காடுகளில் ஆய்வு செய்யும் உயிரியல் மாணவருக்கு மலேசியா போன்ற நாடுகளின் மழைக்காட்டுப் பயிற்சியும் பொருந்தும். பொழுதுபோக்காகக் கைத்திறன் கற்க விரும்புவோருக்கு இரண்டு அல்லது மூன்று நாள் காட்டுக்கலை வகுப்பே போதுமானது. நீண்ட பயிற்சியில் சேருமுன் குறுகிய வகுப்பொன்றில் பங்கேற்றுத் தம் உடலும் மனமும் அதை ஏற்கின்றனவா என அறிவது நன்று.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை

பயிற்சி எவ்வளவு கடுமையானது என்பதே விளம்பரங்களில் முதன்மை பெறுகின்றது. ஆனால் மாணவர் தளரும்போது பள்ளி என்ன செய்யும் என்பதே தரத்தின் உண்மையான அளவுகோலாகும். பின்வரும் வினாக்களுக்கு நல்ல பள்ளி தயக்கமின்றி எழுத்தில் விடையளிக்கும்.

* களத்தில் உடனிருக்கப்போகும் பயிற்றுநர் யார்? பள்ளியை நிறுவிய புகழ்பெற்றவர் நேரில் கற்பிப்பாரா, அன்றிப் பெயரளவில் மட்டும் உள்ளாரா?
* பயிற்றுநரின் மருத்துவத் தகுதி என்ன? காட்டுநில முதலுதவி வகுப்பு பொதுவாக 16 மணிநேரம் கொண்டது. அதற்கு மேற்பட்ட முதல்நிலை உதவியாளர் சான்று பொதுவாக 70 முதல் 80 மணிநேரப் பயிற்சிக்குப் பின் வழங்கப்படுவது. பல நாள் பயிற்சிகளில் பின்னதே எதிர்பார்க்கப்படுகின்றது.
* ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? ஒரு பயிற்றுநர் காயமுற்றால் குழுவை நடத்த இன்னொருவர் உண்டா?
* அவசர நீரும் உணவும் எவரிடம் இருக்கும்? எந்நிலையில் அவை வழங்கப்படும்? மாணவர் கேட்டால் வழங்கப்படுமா?
* செயற்கைக்கோள் தொடர்புக் கருவி உண்டா? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?
* இடையில் விலக விரும்பும் மாணவர் எவ்வாறு வெளியேற்றப்படுவார்?
* கடந்த ஆண்டுகளில் விபத்து நேர்ந்ததா? அதன்பின் என்ன மாற்றப்பட்டது?

இறுதி வினா மிகவும் பயன்தருவது. நெடுங்காலம் நடந்துவரும் எந்தப் பள்ளியிலும் சிறு விபத்தேனும் நேர்ந்திருக்கும். ஒன்றும் நேரவில்லை என்னும் விடையைவிட, நேர்ந்ததையும் திருத்தியதையும் கூறும் விடையே நம்பத்தக்கது.

உடல்நிலை

இதயநோய், நீரிழிவு, ஈழை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் படிவத்தில் மறைத்தல் ஆகாது. வெப்பமான நாட்டிலிருந்து குளிர்நாட்டுக்குச் செல்வோர் ஓரிரு நாள் முன்னதாகச் சென்று தட்பவெப்பத்துக்குப் பழகுதல் நன்று. பாலைநிலப் பயிற்சிக்கும் இது பொருந்தும். நிலத்துக்குரிய நோய்களையும் அறிந்திருத்தல் வேண்டும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் காடுகளில் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. 2000 இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியொன்றில் ஆற்றுநீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றிப் பல நாடுகளின் வீரர்கள் நோயுற்றனர். மரக்கறி உண்போர் அதனை முன்னரே தெரிவித்தல் வேண்டும். சில பயிற்சிகளில் மீன் பிடித்தலும் விலங்கின் இறைச்சியைப் பக்குவப்படுத்தலும் பாடமாக உள்ளன.

ஒப்பந்தமும் காப்பீடும்

பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையொப்பமிடுமாறு பல பள்ளிகள் கேட்கும். இதன் சட்ட வலிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐக்கிய இராச்சியத்தில் கவனக்குறைவால் நேரும் இறப்புக்கும் காயத்துக்குமான பொறுப்பை நிறுவனம் இவ்வாறு விலக்கிக்கொள்ள இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் பல மாநிலங்கள் இத்தகைய படிவங்களை ஏற்கின்றன. நியூசிலாந்தில் விபத்துக் காயங்களுக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் நாடு திரும்பும் செலவையும் நோய்க்கான செலவையும் அது ஏற்பதில்லை.

வழக்கமான பயணக் காப்பீடுகள் பல சாகசச் செயற்பாடுகளை விலக்குகின்றன. உலங்கு வானூர்தி வழி மீட்பு, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான மலைநடை ஆகியவை அடங்கியுள்ளனவா எனக் காப்பீட்டு ஆவணத்தைப் படித்து உறுதி செய்தல் வேண்டும்.

நுழைவிசைவும் உள்நாட்டுச் சட்டங்களும்

ஐக்கிய இராச்சியத்தின் வருகையாளர் நுழைவிசைவில் 30 நாட்களுக்கு மேற்படாத பொழுதுபோக்கு வகுப்பில் பங்கேற்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் பி-2 நுழைவிசைவில் பட்ட மதிப்பெண் தராத குறுகிய பொழுதுபோக்கு வகுப்புக்கு இடமுண்டு. கல்லூரி மதிப்பெண் தரும் நீண்ட பயிற்சிகளுக்கு மாணவர் நுழைவிசைவு தேவைப்படும்.

கத்தி, கோடரி முதலியவற்றை வானூர்தியில் கைப்பையில் கொண்டு செல்லலாகாது. பிரித்தானியாவில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் நிலைத்த அலகுடைய கத்தியை வைத்திருப்பது குற்றமாகும். கருவிகளைப் பள்ளியிடமே பெறுவது எளிது. வெளிநாட்டில் வாங்கும் செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவுக்குக் கொண்டுவருவதில் விழிப்பு தேவை. அரசின் அனுமதியின்றி அதனை இங்கு வைத்திருத்தல் சட்டத்துக்குப் புறம்பானது.

கற்றதைத் தனியே பழக விரும்புவோர் அந்நாட்டு நிலச்சட்டத்தையும் அறிதல் வேண்டும். சுவீடனின் பொதுவுரிமை மரபும், இசுக்காட்லாந்தின் 2003 ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டமும் காட்டில் கூடாரமிட இடமளிக்கின்றன. இங்கிலாந்தில் பொதுவாக நில உரிமையாளரின் இசைவு தேவை. டார்ட்மூர் பொதுநிலங்களில் கூடாரமிடும் உரிமையை 2025 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆசிய நாடுகளில்

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காப்பிடங்களில் வேட்டையாடுதலும், அனுமதியின்றி நுழைதலும் தடைசெய்யப்பட்டுள்ளன. எனவே காட்டுக்கலைப் பயிற்சிக்கு இங்கு இடம் குறைவு. எனினும் டார்சிலிங்கில் 1954 இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965 இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனம் ஆகியவற்றின் அடிப்படைப் பயிற்சிகள் மலைநிலத்துக்குரிய உயிர்காப்புத் திறன்களையும் அளிக்கின்றன. வெளிநாடு செல்லுமுன் இவற்றில் ஒன்றை முடித்தவர் அங்கு மேலும் பயன்பெறுவார். சிங்கப்பூரில் அவுட்வர்டு பவுண்டின் 5 நாள் பயிற்சி 2017 முதல் உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவர்க்கான கல்வித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

விமர்சனங்கள்

பூர்வகுடி மக்கள் தலைமுறைகளாகக் காத்த அறிவு, அம்மக்களுக்குப் பயனேதும் சேராமல் விற்பனைப் பொருளாகின்றது என்பது இத்துறை மீதான முதன்மைக் குற்றச்சாட்டாகும். பச்சை மரங்களை வெட்டுவதாலும் அரிய செடிகளைப் பிடுங்குவதாலும் பயிற்சி நிலங்கள் சீரழிகின்றன எனச் சூழலியலாளர் கூறுகின்றனர். இதனால் பல பள்ளிகள் சுவடின்றிச் செல்லும் நெறியைக் கடைப்பிடிக்கின்றன.

குறுகிய பயிற்சி அளவுக்கு மீறிய தன்னம்பிக்கையை உண்டாக்கும் என்பது மற்றொரு கருத்து. ஒரு வாரத்தில் தீ மூட்டக் கற்றவர் தனியே காட்டுக்குள் செல்லத் தகுதி பெற்றவர் ஆகிவிடுவதில்லை. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல், வானிலையை அறிதல், தக்க நேரத்தில் திரும்பிவிடுதல் ஆகிய எளிய பழக்கங்களே பெரும்பாலான உயிர்களைக் காக்கின்றன என அனுபவமிக்க பயிற்றுநர்கள் வலியுறுத்துகின்றனர்.